411 இடங்கள் இருந்தும் ஏன் இத்தனை பின்வாங்கல்கள்? பிரித்தானியக் கொறடா அலுவலகத்தை முன்வைத்து ஒரு விவாதம்

தேம்ஸ்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெஸ்ட்மின்ஸ்டரில் தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அவர் பெயரையும் தொகுதியையும் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் 2024 கோடையிலிருந்து 2025 டிசம்பர் வரை அருகிலிருந்து பார்த்ததைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2024 ஜூலை 4 தேர்தலில் தொழிற்கட்சி 650 இடங்களில் 411 இடங்களை வென்றது. அவ்வளவு பெரிய பெரும்பான்மையோடு வந்த அரசு, முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையில் பின்வாங்கியது. மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையில் பின்வாங்கியது. மூன்றாவது குழந்தை முதல் உதவித்தொகையை மறுத்த இரண்டு குழந்தை வரம்பிலும் இறுதியில் இறங்கிவந்தது. பத்திரிகைகள் இதைப் பிரதமர் ஸ்டார்மரின் உறுதியின்மை என்றும், அமைச்சர் பதவி இல்லாத பின்வரிசை உறுப்பினர்களின் கலகம் என்றும் மாற்றி மாற்றி எழுதின. எனக்கு இரண்டும் முழு உண்மையாகத் தோன்றவில்லை. கொறடா அலுவலகத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. தலைமையின் முடிவை உறுப்பினர்களிடம் கொண்டுசென்று வாக்குகளைத் திரட்டுவது ஒன்று. உறுப்பினர்கள் என்ன நினைக்கிறார்கள், எதைத் தாங்குவார்கள், எதைத் தாங்கமாட்டார்கள் என்பதைத் தலைமையிடம் கொண்டுசெல்வது மற்றொன்று. பெரும்பான்மை பெருத்துவிட்டபோது முதல் வேலையே போதும் என்ற எண்ணம் வந்தது. இரண்டாவது வேலை படிப்படியாக நின்றது. அடுத்தடுத்த பின்வாங்கல்கள் எல்லாம் அங்கிருந்து தொடங்கியவை என்பதே என் கருத்து.

குளிர்கால உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சிக்கு வந்து நான்கு வாரம்கூட முடியாத நிலையில், ஜூலை 29 அன்று, நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 200 அல்லது 300 பவுண்டு பெறும் அந்த உதவியை பென்ஷன் கிரெடிட் போன்ற வருமானம் சார்ந்த உதவிகளைப் பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கினார். சுமார் ஒரு கோடிப் பேர் அதை இழந்தார்கள். மறுநாளே அவை கோடை விடுமுறைக்குக் கலைந்தது. தொழிற்கட்சி உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் புதியவர்கள். பலருக்கு அலுவலக அறைகூட ஒதுக்கப்படாமல் போர்ட்குலிஸ் ஹவுஸ் கட்டடத்தின் மேசைகளில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த நேரம் அது. யாரிடம் கேட்டுச் செய்தார்கள் என்ற கேள்வியை எழுப்பக்கூட அங்கே ஆளில்லை.

ஆகஸ்டு முழுவதும் எங்கள் அலுவலகத்துக்குக் கடிதங்கள் வந்தன. மின்னஞ்சலைவிடக் கையால் எழுதிய கடிதங்களே அதிகம். தனியாக வாழும் முதியவருக்கு அப்போது பென்ஷன் கிரெடிட் வரம்பு வாரத்துக்கு 218.15 பவுண்டு. இறந்துபோன கணவரின் தொழிற்சாலை ஓய்வூதியம் சிறிது வருவதால் அந்த வரம்பை நான்கு பவுண்டு தாண்டிய ஒரு மூதாட்டி, தம் வரவையும் செலவையும் இரண்டு பத்திகளாகப் பிரித்து, கோடு போட்டு, கூட்டிக் கழித்து அனுப்பியிருந்தார். அந்தக் கணக்கில் பிழையே இல்லை. அதைப் போன்ற கடிதங்களை எல்லாம் தொகுத்து, எத்தனை பேர், எந்த வருமானத்தில், எவ்வளவு வேறுபாட்டில் இழக்கிறார்கள் என்று ஒன்றரைப் பக்கக் குறிப்பு தயாரித்தேன். எங்கள் உறுப்பினர் அதைத் தம் பகுதிக் கொறடாவிடம் நேரில் கொடுத்தார். அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டு, “செப்டம்பர் 10 அன்று வாக்களிப்பீர்கள் அல்லவா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைய வாக்கெடுப்பில் அரசு 348க்கு 228 என்ற கணக்கில் வென்றது. தொழிற்கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர் ஒருவர் மட்டுமே. ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் வாக்கு பதிவாகவே இல்லை. கொறடா அலுவலகத்தின் ஏட்டில் அது வெற்றி. 2025 மே 1 அன்று நடந்த ரன்கார்ன் இடைத்தேர்தலில் தொழிற்கட்சி 6 வாக்குகளில் ரிஃபார்ம் கட்சியிடம் தோற்றது. உள்ளாட்சித் தேர்தல்களிலும் பலத்த அடி விழுந்தது. அதே மாதம் பிரதமர் முடிவை மாற்றப்போவதாக அறிவித்தார். ஜூன் 9 அன்று வருமான வரம்பு ஆண்டுக்கு 35,000 பவுண்டு என்று உயர்த்தப்பட்டது. ஆகஸ்டில் ஒன்றரைப் பக்கத்தில் இருந்த செய்தி மேலே போய்ச் சேர ஒன்பது மாதம் ஆயிற்று; இடையில் ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது.

மாடக்கூடல் எழுதியது:

விரிவான பதிவுக்கு நன்றி. ஓர் அடிப்படைக் கேள்வி. எங்கள் ஊரில் கொறடா என்றாலே பதவி பறிப்புத்தான் நினைவுக்கு வரும். 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். பிரித்தானியாவில் அப்படி ஒரு சட்டம் உண்டா? இல்லையென்றால் எதைக் காட்டி அச்சுறுத்துகிறார்கள்?

தேம்ஸ்கரை எழுதியது:

நல்ல கேள்வி, இதை விளக்காமல் மேலே போவது சரியாகாது. அத்தகைய சட்டம் இங்கே இல்லை. கட்சி ஒருவரை நீக்கினாலும் அவர் சுயேச்சையாக அவையில் தொடரலாம். வேறு கட்சிக்கே போனாலும் தொகுதி அவருடையதுதான். கொறடா அனுப்பும் வாராந்திர அறிவிப்பில் ஒரு வாக்கெடுப்பின் கீழ் மூன்று கோடுகள் இழுக்கப்பட்டிருந்தால் வந்தே ஆக வேண்டும், கட்சி சொன்னபடி வாக்களித்தே ஆக வேண்டும் என்று பொருள். அதை மீறினால் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்யலாம். அந்த நிலை நீடித்தால் அடுத்த தேர்தலில் கட்சிச் சின்னம் கிடைக்காது என்பதே உண்மையான அச்சம்.

2019 செப்டம்பர் 3 அன்று பிரெக்சிட் தொடர்பான வாக்கெடுப்பில் எதிர்த்து நின்ற 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களை அப்போதைய பிரதமர் ஜான்சன் ஒரே இரவில் விலக்கினார். நிதியமைச்சராக இருந்த கென் கிளார்க்கும் பிலிப் ஹாமண்டும், சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸும் அவர்களில் அடக்கம். ஸ்டார்மர் அரசு அதைவிட விரைந்தது: ஆட்சிக்கு வந்த மூன்றாவது வாரத்திலேயே, 2024 ஜூலை 23 அன்று, இரண்டு குழந்தை வரம்பை நீக்கக் கோரும் திருத்தத்தை ஆதரித்த 7 பேரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது.

இன்னொரு கருவியும் உண்டு, அது அச்சமன்று, ஆசை. கீழவையான காமன்ஸ் அவையில் அமைச்சர்கள் 95 பேர் வரை இருக்கலாம். அவர்களுக்குக் கீழே சம்பளமில்லாமல் அமைச்சர்களுக்கு உதவும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அரசுக்கு எதிராக வாக்களித்தால் அவர்களும் அந்தப் பொறுப்பை விட வேண்டும். ஆனால் 411 பேரில் பெரும்பாலோருக்கு எந்தப் பதவியும் வரப்போவதில்லை என்பது ஓராண்டுக்குள் அவரவருக்கே தெரிந்துவிடுகிறது. கட்சி பெருத்தால் கொறடாவின் கையில் இருக்கும் ஆசை ஒவ்வொருவருக்கும் குறைவாகவே எட்டும்.

கணக்காளன் எழுதியது:

தேம்ஸ்கரை அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவோடு உடன்படவில்லை. உறுப்பினர்களின் மேசைக்கு வரும் கடிதங்களை வைத்து ஓர் அரசு வரவுசெலவுத் திட்டம் போட முடியாது. எந்தச் செலவைக் குறைத்தாலும் கடிதம் வரும். மக்கள் கட்சிக்கு வாக்களித்தார்கள். கட்சி அரசை அமைத்தது. அரசின் நிதிநிலையைக் காப்பது நிதியமைச்சரின் கடமை. 2022 செப்டம்பர் 23 அன்று லிஸ் டிரஸ் அரசு ஈடு எதுவும் காட்டாமல் 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தபோது கடன்பத்திரச் சந்தை எப்படி அதிர்ந்து வட்டி ஏறியது என்பதை நாம் அனைவரும் பார்த்தோம். அந்த நினைவு மாறாத நாட்டில் கட்டுப்பாடு தளர்ந்த கட்சி ஆட்சி நடத்த இயலாது. 2025 ஜூலை 1 அன்று நலத்திட்டச் செலவைக் குறைக்கும் மசோதாவில் அரசு பின்வாங்கியது ஓர் எச்சரிக்கை: மறுநாள் அவையில் நிதியமைச்சர் கண்கலங்கி அமர்ந்திருந்த காட்சியைக் கண்டதும் அரசுக் கடன்பத்திரங்களின் வட்டி உயர்ந்தது. இத்தனைக்கும் காரணம் கட்டுப்பாட்டை மீறிய பின்வரிசையினர் அல்லவா?

ஈஸ்ட் ஹாம் வாசி எழுதியது:

கணக்காளன் ஐயா, 2025 ஏப்ரலில் நான் கட்சித் தொண்டனாக வீடு வீடாகப் போனவன். கதவைத் திறந்தவர்களில் பலர் கடன்பத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. “கிழவர்களிடமிருந்து பிடுங்கினீர்களே” என்றுதான் கேட்டார்கள். பணக்கார முதியவர்களுக்கு எதற்கு உதவித்தொகை என்று நானே முதலில் நினைத்தவன்தான். ஆனால் வரம்பை அவ்வளவு கீழே வைத்ததற்கு என்னிடம் விடையில்லை. விடையில்லாமல் ஒரு வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்பது நின்றவர்களுக்குத் தெரியும்.

தேம்ஸ்கரை எழுதியது:

கணக்காளன் அவர்களின் வாதம் வலுவானது. வெஸ்ட்மின்ஸ்டரில் பலர் மனமாற நம்புவதும் அதைத்தான். எனவே அவர் சுட்டிய மசோதாவையே எடுத்துக்கொள்கிறேன்.

ரீவ்ஸ் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நிதி விதிகளின்படி, கணிப்பின் கடைசி ஆண்டில் அந்த விதிகளை மீறாமல் இருக்க அவருக்கு மிஞ்சிய இடைவெளி 9.9 பில்லியன் பவுண்டு மட்டுமே. 2025 வசந்தத்தில் அது கரைந்தபோது அதை மீட்க வேண்டியிருந்தது. மார்ச் 18 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கான பிப் உதவித்தொகையில் புதிய நிபந்தனை அறிவிக்கப்பட்டது. நலத்திட்டச் செலவில் ஏறத்தாழ 5 பில்லியன் மிச்சமாகும் என்றார்கள். அரசின் நிதிக் கணக்குகளைத் தனித்து மதிப்பிடும் பொறுப்புக்கண்காணிப்பு அலுவலகத்தின் (OBR) மதிப்பீடு அதைவிடக் குறைவாக வந்ததால், அடுத்த வாரமே குறைந்த வருமானத்தினருக்கான யூனிவர்சல் கிரெடிட் உதவியின் உடல்நலப் பகுதியில் இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். முதலில் தொகை, பிறகு அந்தத் தொகையை எட்டுவதற்கேற்ற விதி என்ற வரிசையில் கொள்கை உருவானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அந்த நிபந்தனை என்னவென்று பலரும் விளக்குவதில்லை. நான் விளக்கியாக வேண்டும். அன்றாட வாழ்க்கைச் செயல்கள் ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் உண்டு. எட்டுப் புள்ளிகள் சேர்ந்தால் உதவி கிடைக்கும். சமைக்க ஒரு துணைக்கருவி தேவை என்றால் 2. இடுப்புக்குக் கீழே கழுவிக்கொள்ள இன்னொருவர் உதவி தேவை என்றால் 2. இடுப்புக்குக் கீழ் உடை அணிய உதவி தேவை என்றால் 2. கழிப்பறையில் துணைக்கருவி தேவை என்றால் 2. ஆக எட்டு. புதிய நிபந்தனை, ஏதாவது ஒரே செயலில் குறைந்தது 4 புள்ளிகள் இருக்க வேண்டும் என்றது. நான் இப்போது சொன்ன மனிதர், காலையில் எழுந்து வெளியே கிளம்பும் ஒவ்வொரு படியிலும் தடுமாறுகிறவர், அன்றாட வாழ்க்கைக்கான அந்த உதவியில் ஒரு பைசாவும் பெற்றிருக்கமாட்டார். தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உடலைக் கழுவ உதவி தேவைப்படுகிறவருக்கு 4, கால்களைக் கழுவ உதவி தேவைப்படுகிறவருக்கு 2 என்ற வேறுபாடு ஒரு மனிதரின் வாழ்வாதாரத்தையே தீர்மானித்திருக்கும்.

இதை ஒவ்வொரு தொகுதி அலுவலகமும் உடனே கண்டுகொண்டது, ஏனென்றால் அந்தப் படிவங்களை நிரப்ப மக்களுக்கு உதவுவதே எங்கள் வாராந்திர வேலை. மார்ச் மாதக் கடைசியிலேயே உறுப்பினர்கள் கொறடாக்களிடம் சொன்னார்கள். இந்தத் திட்டத்தால் 50,000 குழந்தைகள் உட்பட 250,000 பேர் வறுமைக்குள் தள்ளப்படுவார்கள் என்று அரசின் மதிப்பீடே சொன்னது. வந்த பதில், இது முடிவான விஷயம் என்பதே. ஜூன் 19 அன்று கொறடாக்களில் ஒருவரான விக்கி ஃபாக்ஸ்கிராஃப்ட், இந்த வெட்டுகளுக்கு வாக்கு திரட்ட இயலாது என்று பதவி விலகினார். செய்தியைச் சுமக்க வேண்டியவரே வெளியேறிய பிறகும் மேலே விளங்கவில்லை. அடுத்த வாரம் மெக் ஹில்லியர் பெயரில் வந்த திருத்தத்தில் 120க்கும் மேற்பட்ட தொழிற்கட்சி உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். அவர் கலகக்காரர் அல்லர். கருவூலத்தை ஆராயும் தேர்வுக்குழுவின் தலைவர்.

பிறகு நடந்தவை வேகமானவை. ஜூன் 27 அன்று, இப்போது பெறுகிறவர்களைத் தொடமாட்டோம் என்றார்கள். ஜூலை 1 அன்று, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து அந்தப் பிரிவையே நீக்குவதாக அறிவித்தார். அவையில் அமர்ந்திருந்தவர்களுக்குத் தாங்கள் எந்த மசோதாவுக்கு வாக்களிக்கப் போகிறோம் என்பதே சற்று நேரம் தெரியவில்லை. 335க்கு 260 என்று மசோதா இரண்டாம் வாசிப்பைக் கடந்தது. தொழிற்கட்சியில் 49 பேர் அப்போதும் எதிர்த்தார்கள். மிச்சப்படுத்துவதாகச் சொன்ன தொகையில் கிட்டத்தட்ட எதுவும் எஞ்சவில்லை. கணக்காளன் அவர்களே, நிதிநிலைக்கு ஏற்பட்ட சேதத்தை நானும் மறுக்கவில்லை. மார்ச்சில் கேட்டிருந்தால், நீண்ட காலத்தில் செலவைக் குறைக்கும் ஒரு திட்டத்தை உறுப்பினர்களின் ஒப்புதலோடு வகுத்திருக்கலாம். ஜூலையில் எஞ்சியது பின்வாங்கல் ஒன்றுதான்.

டிரஸ் விஷயத்திலும் இதே குறையைத்தான் பார்க்கிறேன். அவர் பொறுப்புக்கண்காணிப்பு அலுவலகத்தின் மதிப்பீட்டையே கேட்காமல் அறிவித்தார். 2022 அக்டோபர் 19 அன்று பாறைகளைப் பிளந்து எரிவாயு எடுப்பது குறித்த வாக்கெடுப்பு அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பா இல்லையா என்று அவருடைய கட்சியினருக்கே தெரியாத குழப்பம் ஏற்பட்டது; மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். கட்சி கட்டுப்பாடு இழந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே தலைமை கேட்பதை நிறுத்தியிருந்தது.

பழைய ஏடு எழுதியது:

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு பொருந்தும். 1974 அக்டோபரில் தொழிற்கட்சிக்குக் கிடைத்த பெரும்பான்மை மூன்றே இடங்கள். அதுவும் விரைவில் கரைந்தது. ஆயினும் அந்த அரசு 1979 வரை நீடித்தது. துணைத் தலைமைக் கொறடா வால்டர் ஹாரிசன் ஒவ்வோர் உறுப்பினரின் உடல்நிலையையும், குடும்பத்தையும், தொகுதிச் சிக்கலையும் அறிந்து வைத்திருந்தார் என்பது அதற்கு ஒரு காரணம். நோயுற்றவர்களை ஆம்புலன்ஸில் நாடாளுமன்ற முற்றம் வரை கொண்டுவந்து, உள்ளே வராமலே அவர்கள் வாக்கை எண்ணச் செய்த காலம் அது.

1979 மார்ச் 28 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது பேட்லி அண்ட் மோர்லி தொகுதியின் ஆல்ஃபிரட் பிரவுட்டன் மரணப் படுக்கையில் இருந்தார். வரத் தயாராகவே இருந்தார். வழியிலேயே உயிர் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்னதால் பிரதமர் கலஹான் அவரை அழைக்க வேண்டாமென்று முடிவுசெய்தார். ஹாரிசன் எதிர்த்தரப்புக் கொறடா பெர்னார்ட் வெதரிலிடம் போய், நோயாளிக்கு ஈடாக ஒருவரை விலக்கிவைக்கும் வழக்கத்தை நினைவூட்டினார். அத்தகைய வாக்கெடுப்புக்கு அந்த வழக்கம் பொருந்தாது என்ற வெதரில், கொடுத்த சொல்லைக் காக்கத் தாமே வாக்களிக்காமல் இருப்பதாகச் சொன்னார். அது அவருடைய அரசியல் வாழ்வையே முடித்துவிடும் என்று உணர்ந்த ஹாரிசன் அதை ஏற்க மறுத்தார். 311க்கு 310 என்று அரசு வீழ்ந்தது. சில நாள்களில் பிரவுட்டன் இறந்தார். ஒரு வாக்குக்கு அவ்வளவு மதிப்பிருந்த காலத்தில் கொறடாவுக்கு ஒவ்வொரு மனிதரையும் தெரிந்திருந்தது.

தேம்ஸ்கரை எழுதியது:

பழைய ஏடு அவர்களுக்கு என் நன்றி. நான் சொல்ல முயன்றதை ஓர் இரவின் கதையில் சொல்லிவிட்டீர்கள். எங்கள் உறுப்பினருக்கு இந்தப் பதினெட்டு மாதங்களில் அவர் பகுதிக் கொறடாவிடமிருந்து வந்த குறுஞ்செய்திகளை ஒருமுறை சேர்த்துப் பார்த்தேன். எங்கே இருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்பவை தவிர வேறில்லை. அந்தக் கொறடா கெட்டவர் அல்லர். அவர் பொறுப்பில் இருப்பவர்கள் அதிகம், அவரிடமும் மேலே யாரும் எதுவும் கேட்பதில்லை.

மாடக்கூடல் எழுதியது:

அப்படியானால் ஜூலைக்குப் பிறகு ஏதாவது மாறியதா?

கணக்காளன் எழுதியது:

நானும் அதையே அறிய விரும்புகிறேன். மார்ச்சில் கேட்டிருந்தால் என்ற வாதத்தில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு நெருடல்: ஒருமுறை அரசை வளைத்துவிட்டோம் என்று கண்ட உறுப்பினர்கள், இனி எந்தக் கடினமான முடிவையும் ஏற்பார்களா?

தேம்ஸ்கரை எழுதியது:

உங்கள் நெருடல் எனக்கும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். வளைக்க முடியும் என்ற பாடத்தை இரண்டு பக்கமும் கற்றுவிட்டன. வரப்போகும் கடினமான வாக்கெடுப்புகளில் அது தெரியும்.

ஜூலைக்குப் பிறகு முதலில் வந்தது பழைய வழியே. ஜூலை 16 அன்று ரேச்சல் மாஸ்கல் உள்ளிட்ட 4 பேரை இடைநீக்கம் செய்தார்கள்; எங்கள் அலுவலக வரிசையில் அன்று யாரும் உரக்கப் பேசவில்லை. செப்டம்பரில் தலைமைக் கொறடா மாற்றப்பட்டு ஜோனத்தன் ரெனால்ட்ஸ் வந்தார். நவம்பரில் அந்த 4 பேரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். நவம்பர் 26 வரவுசெலவுத் திட்டத்தில், 2017 முதல் இருந்த இரண்டு குழந்தை வரம்பு 2026 ஏப்ரலில் நீங்கும் என்று ரீவ்ஸ் அறிவித்தார். அதற்காக வாக்களித்துத்தான் 7 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள் என்பதை மேலே குறிப்பிட்டேன். அவர்களில் ஸாரா சுல்தானா அதற்குள் கட்சியை விட்டே போய்விட்டார்.

எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது வேறொன்று. பிப் உதவித்தொகையின் மதிப்பீட்டு முறையை ஆராயும் பொறுப்பு டிம்ஸிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்தே அந்த ஆய்வு நடக்க வேண்டும், 2026 இலையுதிர் காலத்தில் அறிக்கை வர வேண்டும், அதற்குப் பிறகே சட்டம் என்பது ஏற்பாடு. எங்கள் தொகுதியில் பிப் படிவம் நிரப்ப வருகிறவர்களிடம் இப்போது, உங்கள் அனுபவத்தை அந்த ஆய்வுக்கு எழுத விருப்பமா என்று கேட்கிறோம். போன வெள்ளிக்கிழமை ஒருவர், கைவிரல்கள் மடங்காதவர், தாம் சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னார். சட்டைப் பொத்தான்களிலிருந்து தொடங்கினார். இரண்டரைப் பக்கம் வந்தது. ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அப்படியே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.